செவ்வாயும் வெள்ளியும் ஓட வேண்டிய கார்

மெக்கானிக் என்னிடம் கேட்ட முதல் கேள்வி காரைப் பற்றியது அல்ல. "அண்ணன் எப்ப ஊருக்கு வர்றாங்க டீச்சர்?" என்றுதான் கேட்டார். அண்ணன் என்றால் என் கணவர். அவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். கார் அவர் பெயரில் இருக்கிறது, வாஸ்தவம்தான். வருடத்துக்கு ஒரு மாதம் வந்து ஓட்டுவார், டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு விமானம் ஏறிவிடுவார். மிச்சம் பதினோரு மாதமும் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு ஓட்டுகிறவள் நான். டயருக்குக் காற்று பிடிப்பதும், பானெட்டைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதும் நான்தான். ஆனாலும் பாபநாசத்தில் எந்த மெக்கானிக் பட்டறைக்குப் போனாலும் அண்ணனைத்தான் தேடுவார்கள்.

"அண்ணன் வர ஆடி மாசம் ஆகும். வண்டி ஓட்டுறது நான். என்ன கோளாறுன்னு நானே சொல்றேன், கேளுங்க" என்றேன்.

அவர் கேட்டார். கேட்டுக்கொண்டே வேறு ஒரு வண்டியின் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

நான் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். அதனால் சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் டீச்சர். டீச்சர்களுக்கே உள்ள கோபம் எனக்கும் உண்டு. இரண்டாவது தடவை சொன்ன பிறகும் புரியவில்லை என்றால் சுர்ரென்று வரும். பட்டறை வாசலில் அந்தக் கோபத்தை அடக்கிக்கொண்டு நின்றேன். அவரை விட்டால் பக்கத்தில் வேறு ஆள் இல்லை. காரும் செவ்வாய்க்கிழமைக்குள் ஓடியாக வேண்டும்.

அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்குத் தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். அங்கே மெஷின் கொஞ்சம், ஆள் நிறைய. அரை மணி தாமதமாகப் போனால் அந்த இடத்தில் அடுத்தவரைப் படுக்க வைத்துவிடுவார்கள். அதில் ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அடுத்தவரும் அதே மூச்சுக்காகத்தான் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு முறை தப்பினால் அப்பாவுக்கு உடம்பெல்லாம் தண்ணீர் ஏறிவிடும். கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். எங்கள் கிராமத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வரவே மூன்று கிலோமீட்டர். விடிகாலையில் பஸ் கிடையாது. ஆகவே அந்தக் கார் எங்கள் வீட்டில் ஊர் சுற்ற நிற்கவில்லை. அப்பா மூச்சு விடுவதற்காக நின்றது.

கோளாறு இதுதான். பங்குனி கடைசியில் இரண்டு மூன்று நாளாக, வண்டியை ஓட்டி வந்து நிறுத்தியதும் முன்பக்கம் கருகல் வாடை வந்தது. அதற்கு அடுத்த நாள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. அணையவே இல்லை. அந்தச் சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டுதான் பட்டறைக்குப் போயிருந்தேன். வீட்டில் அவரைத் தனியே விட்டுப் போவதில்லை. மெக்கானிக் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். டீ வாங்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டார். அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அவருக்குக் கணக்கு உண்டு.

மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து, முன் சக்கரத்தின் பக்கம் குனிந்து மோந்து பார்த்தார்.

"ரோட்டுல உளுந்து போட்டிருக்காங்களே, அது மேல வண்டிய விட்டீங்களா டீச்சர்?"

"ரோடு முழுக்கப் பரப்பி வச்சிருந்தா நான் ஆகாசத்துலயா போறது?"

"போறதுக்கு ஒண்ணுமில்லீங்க. எல்லா வண்டியும்தான் போவுது. செடி மேல நிறுத்தி, முன்னயும் பின்னயும் ரிவர்ஸ் எடுத்து ஓட்டுனீங்களான்னு கேக்குறேன். லேடீஸ் ஓட்டுற வண்டியில அடியில என்ன சிக்குதுன்னு பாக்க மாட்டாங்க. அதுக்காகக் கேட்டேன்."

கடைசியில் சொன்ன அந்த 'லேடீஸ்' என்கிற ஒரு வார்த்தை போதும். என் முகம் சிவந்திருக்க வேண்டும்.

"இல்ல. அப்படியெல்லாம் ஒண்ணும் ஓட்டல" என்றேன்.

அப்பா நாற்காலியிலிருந்து என்னைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி ரோட்டைப் பார்த்தார்.

நான் சொன்னது பச்சைப் பொய். நடந்தது என்னவென்றால், அப்பாவுக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் அளவுக்கு நிலம் இருக்கிறது. சம்பா அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்து தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நெல்லை அறுத்த பிறகு மிச்ச ஈரத்தில் உளுந்து தானாக எழும்பிக்கொள்ளும். இந்த வருடம் அப்பாவால் வயலுக்குப் போக முடியவில்லை. ஆள் விட்டுத் தெளித்தார். அறுப்பு மெஷின் ஏறி மிதித்ததில் ஒரு பக்கம் முழுக்கச் செத்துப்போனது. மிஞ்சியது நன்றாகக் காய்த்தது. பறித்த செடியை எங்கள் வீட்டுக்கு எதிரே ரோட்டில் பரப்பினோம். எங்கள் ஊரில் எல்லோருக்கும் ரோடுதான் களம். போகிற வருகிற வண்டிகள் செடி மேல் ஏறி இறங்கினால் காய் வெடித்து உளுந்து உதிரும். பஸ்காரரோ பைக் ஓட்டுகிறவரோ யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

ஆனால் எங்கள் தெருவில் அவ்வளவு வண்டி வராது. தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது மதியம் பன்னிரண்டு மணி ஆகிவிடும். டயாலிசிஸ் முடிந்த உடம்பு. அப்பா வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கதவில் சாய்ந்தபடியே வருவார். எங்கள் உளுந்து கிடக்கிற இடம் வந்ததும் மட்டும் கண் திறப்பார்.

"வெயில் நல்லா ஏறியிருக்கு. ஒரு தடவ பின்னால வந்துட்டுப் போம்மா" என்பார்.

பின்னால் வருவேன். முன்னால் போவேன். "இன்னும் கொஞ்சம் எடது பக்கம்" என்பார். டயருக்கு அடியில் காய் படபடவென்று வெடிக்கும். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டி அந்தச் சத்தத்தைக் கேட்பார். வியாதி வந்த பிறகு அவர் எதையும் ஆசையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். ஏழெட்டு தடவை முன்னும் பின்னும் ஓட்டியிருக்கிறேன். அதற்கும் வண்டியில் வருகிற வாடைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசிக்கவே இல்லை. யோசிக்க விரும்பவும் இல்லை. அந்த மனுஷர் லேடீஸ் என்று சொன்னதோடு என் புத்தி அங்கேயே நின்றுவிட்டது.

"டீச்சர் இல்லேன்னா இல்லதான். அப்ப பிரேக்கு சூடாவுது" என்று மெக்கானிக் முடிவு செய்தார். இரண்டு முன் சக்கரத்துக்கும் பிரேக் பேடு மாற்றினார். மஞ்சள் விளக்கு சென்சார் சம்பந்தப்பட்டது, அதைத் தஞ்சாவூரில்தான் பார்க்க வேண்டும் என்றார். நான் கிளம்பிய பிறகு மஸ்கட்டுக்குப் போன் போட்டு விவரம் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் கணவர் கூப்பிட்டார்.

"பிரேக்க மிதிச்சுக்கிட்டே ஓட்டுறியாமே?"

"யாரு சொன்னா?"

"அவருதான் சொன்னாரு. பேடு தேஞ்சு போச்சாம். காலை எடுத்துட்டு ஓட்டு."

நான் போனை வைத்துவிட்டேன். எட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறேன். கும்பகோணம் மகாமகக் குளத்துச் சந்து பொந்தெல்லாம் கண்ணாடி உரசாமல் ஓட்டியிருக்கிறேன். என் கால் எங்கே இருக்க வேண்டும் என்று மஸ்கட்டிலிருந்து ஒருவர் சொல்கிறார். அந்த வாரமும் செவ்வாய்க்கிழமை, அப்பா கேட்காமலேயே, உளுந்து மேல் ஓட்டினேன். வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகவே ஓட்டினேன் என்றுகூடச் சொல்லலாம்.

அடுத்த வாரம் புதிதாக ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. வண்டியை நேராக ஓட்டினால் ஒன்றுமில்லை. திருப்பினால் முன் சக்கரத்திலிருந்து கடக் கடக் என்று கேட்டது. இனி பட்டறை வேண்டாம் என்று தஞ்சாவூரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அப்பாவை மெஷினில் படுக்க வைத்துவிட்டு நேரே அங்கே போனேன். நாலு மணி நேரம் இருக்கிறதே. வாசலிலேயே ஒருவர் கையில் டேப்லெட் கம்ப்யூட்டரோடு வந்து நின்றார். கழுத்தில் அடையாள அட்டை.

"சர்வீஸ் டியூ ஆயிடுச்சு மேடம். ஜெனரல் சர்வீஸ் போட்டுடலாம்."

"சர்வீஸ் இருக்கட்டும். திருப்பும்போது சத்தம் வருது. அத மொதல்ல பாருங்க."

"எல்லாமே பாத்துடுவோம் மேடம்."

உள்ளே போய் நானும் பார்க்கிறேன் என்றேன். கஸ்டமர் உள்ளே வரக்கூடாது என்று சொல்லி ஏசி அறையில் உட்கார வைத்தார்கள். சுவரில் டிவி, அதில் அதே கம்பெனிக் கார் மலை ஏறிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பளபளவென்று இருந்தது. எஞ்சின் ஆயில் மாற்றியிருந்தார்கள், வைப்பர் மாற்றியிருந்தார்கள், நன்றாக இருந்த ஏர் ஃபில்டரையும் தூக்கிப் போட்டுப் புதிதாக வைத்திருந்தார்கள். உள்ளே மல்லிகைப்பூ வாசனை அட்டை ஒன்று தொங்கியது. மஞ்சள் விளக்கை மட்டும் எப்படியோ அணைத்திருந்தார்கள். காம்பவுண்டைத் தாண்டி வலது பக்கம் திருப்பினேன். கடக் கடக்.

அப்படியே திரும்பி உள்ளே வந்தேன். அடையாள அட்டைக்காரர் வண்டியில் ஏறி வாசல் வரை நேராக ஓட்டிப் பார்த்தார்.

"சத்தம் எதுவும் வரலையே மேடம்."

"திருப்பினாத்தான் வரும்னு காலையிலயே சொன்னேன்."

"அது டயர் புதுசா கழுவினதால இருக்கும். ரெண்டு நாள் ஓடினா செட் ஆயிடும் மேடம்."

கழுவியதால் சத்தம் வருகிற டயரை நான் என் ஆயுசில் கேள்விப்பட்டதில்லை. சண்டை போட நேரமில்லை. அப்பாவை மெஷினிலிருந்து இறக்கும் நேரம் ஆகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன். அடியில் தண்ணீர் அடித்துக் கழுவியதாக அவர்கள் கொடுத்த தாளில் டிக் போட்டிருந்தது. எவனாவது நிஜமாகவே குனிந்து பார்த்திருந்தால் போதும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பசுபதிகோவில் தாண்டும்போது முன்னால் ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. எஞ்சின் ஓடுகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் உறுமுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. தானாக உருண்டுபோய் ஒரு புளிய மரத்தடியில் நின்றது. மணி ஆறு இருபது.

இரண்டு பஸ் போயின. படியில்கூட இடமில்லை. பிடித்துக்கொண்டு நிற்கிற நிலையில் அப்பா இல்லை. ஆட்டோவுக்குப் போன் போட்டேன். ஒருவர் எடுக்கவில்லை, இன்னொருவர் கும்பகோணத்தில் இருந்தார். கடைசியில் தஞ்சாவூர் மார்க்கெட்டுக்கு வாழையிலைக் கட்டு ஏற்றிக்கொண்டு போன ஒரு குட்டி யானை லோடு வண்டிக்காரர் நிறுத்தினார். அப்பாவை முன்னால் ஏற்றிவிட்டு நான் பின்னால் இலைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். அவர் மார்க்கெட்டில் முதலில் இலையை இறக்கியாக வேண்டியிருந்தது. பாவம், அவர் பிழைப்பு அது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி எட்டே கால்.

அப்பாவின் மெஷினில் வேறொரு பெண்மணி படுத்திருந்தார். நர்ஸ் என்னைப் பார்த்ததுமே எழுந்து வந்தார்.

"ஏழே முக்கால் வரைக்கும் பாத்தேங்க்கா. இனிமே நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் காலி. தண்ணிய மட்டும் கொறச்சுக்கச் சொல்லுங்க. மூச்சு ரொம்ப முட்டுச்சுன்னா உடனே எமர்ஜென்சிக்கு வந்துடுங்க."

அன்று இரவு அப்பா படுக்கவில்லை. படுக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்து அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் தோளால் இழுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று நான் கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். நான் எதிரே உட்கார்ந்து மெக்கானிக்கையும், சர்வீஸ் சென்டர்காரனையும், மஸ்கட்டில் இருப்பவரையும் வரிசையாகத் திட்டித் தீர்த்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் பேச அவரிடம் மூச்சு இல்லை.

சனிக்கிழமை வாடகைக் காரில் அழைத்துப் போய் மெஷினில் படுக்க வைத்த பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது.

அதற்குள் பாபநாசம் மெக்கானிக் என் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தார். வேறு வழியில்லாமல் அவரைத்தான் கூப்பிட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிப் போன் செய்தார். ஆச்சரியமாக, மஸ்கட்டுக்குச் செய்யாமல் எனக்கே செய்திருந்தார். அப்பாவுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு அக்காவை உட்கார வைத்துவிட்டுப் போனேன். வண்டி ஜாக்கியில் நின்றது. முன் சக்கரத்தைக் கழற்றிப் போட்டிருந்தார். உள்ளே கையைக் காட்டினார்.

சக்கரத்தைச் சுழற்றுகிற இரும்புத் தண்டில் உளுந்துச் செடி சுற்றிக் கிடந்தது. சும்மா சிக்கிக் கிடக்கவில்லை. வைக்கோல் புரி முறுக்கியது மாதிரி இறுகி, கருகி, கறுத்துப்போய் இருந்தது. அதைக் கத்தியால் அறுத்து எடுத்தார். எடுக்க எடுக்க வந்தது. செடி அறுத்துக் கிழித்ததில் தண்டின் முனையில் இருந்த ரப்பர் உறை பிளந்து, உள்ளே இருந்த கிரீஸ் எல்லாம் வெளியே போய், மண் புகுந்து, மூட்டே தேய்ந்து உடைந்திருந்தது. பக்கத்தில் போகிற சென்சார் ஒயரும் பாதி அறுந்திருந்தது.

"வாடை வந்தது இதுதாங்க. லைட் எரிஞ்சது இதுதான். சத்தமும் இதுதான்." அவர் செடியைக் கையில் புரட்டிப் பார்த்தார். "போற போக்குல ஏறுன செடி இப்படிச் சுத்தாதுங்க. முன்னயும் பின்னயும் போனாத்தான் இந்த முறுக்கு வரும். அன்னைக்கு அதத்தானே உங்ககிட்ட கேட்டேன்."

நான் அந்தச் செடியைக் கையில் வாங்கினேன்.

"ஓட்டுனேன்" என்றேன். "எங்க உளுந்துதான்."

அவர் சிரிக்கவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. குத்திக் காட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா பேடு மாத்தினப்பவே அடியில பாத்து அஞ்சு நிமிஷத்துல உருவி எறிஞ்சிருப்பேனே டீச்சர். நீங்க இல்லேன்னு சொன்னதும் நானும் அடியில பாக்காம விட்டுட்டேன். அது என் தப்பும்தான்."

அந்தக் கருகிய செடியை ஒரு பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஏன் எடுத்து வந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் வீக்கம் பாதி வடிந்திருந்தது. பையை அவர் முன்னால் கொட்டினேன். அவர் ஒரு துண்டை எடுத்து, கருகாமல் இருந்த காய் ஒன்றை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"நம்ம செடிதான்" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு. கட்டை வண்டி அச்சுலயே சுத்தும் இது. அவரு கேட்டப்பவே நெனச்சேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மூன்று வாரம். ஒவ்வொரு நாளும் நான் வண்டியைப் பற்றிப் புலம்பியிருக்கிறேன். பசுபதிகோவில் புளிய மரத்தடியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமை இரவு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"தெரிஞ்சே ஏன்ப்பா சொல்லல? பட்டறையிலயே சொல்லியிருக்கலாம்ல? நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

அப்பா நசுக்கிய காயைப் பையிலேயே திரும்பப் போட்டார்.

"நீ இல்லேன்னு சொல்லிட்டியேம்மா. அதுக்கப்புறம் வெளி ஆளு முன்னாடி நான் எப்படி உண்டுன்னு சொல்றது? வீட்டுக்கு வந்து சொன்னாலும், நீ மறுபடி அவருகிட்ட போயி, ஓட்டுனேன்னு தலை குனிஞ்சு நிக்கணும்ல."